லைட் பார்த்த படங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் போட்டு உடைத்தால் என்ன என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். உடைக்கவும் மனசு வராது. படத்தில் இருப்பது அவள் பெற்ற பிள்ளை. ஒரு வயதில், வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு, அளவெடுத்து நட்டு வைத்ததுபோலக் கழுத்து நேராக நிற்க, கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து, வெட்டி விழுந்த போட்டோத் தாளில் கிறுக்கிக்கொண்டிருக்கும் நாலு வயது நிஜப் பிள்ளைக்கோ தலை இடது தோளில் சாய்ந்து கிடந்தது. வருகிற யாரும் சும்மா போகமாட்டார்கள். மேலே ஒரு தடவை பார்ப்பார்கள், கீழே ஒரு தடவை பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள்.

"அப்ப நல்லாத்தானே இருந்திருக்கு. இப்ப என்னம்மா ஆச்சு?"

பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவன், பழைய படத்தைப் பெரிதாக்க வந்தவன், வெளியே மழை பெய்கிறதே என்று ஒதுங்கினவன்கூடக் கேட்டுவிட்டுத்தான் போவான். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று.

அது ஒரு சின்ன ஸ்டூடியோ. முன்னால் கண்ணாடி மேசை, பின்னால் ஒரு இருட்டு அறை. அறையில் ஒரு முக்காலி, இரண்டு குடை விளக்குகள், சுருட்டி இறக்குகிற நீலத் திரை. படம் எடுப்பதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரி செய்வதும் அவள் புருஷனுடைய வேலை. மற்றதெல்லாம் அவள். ஆட்களை உட்கார வைப்பது, சட்டைக் காலரை இழுத்துவிடுவது, தாடையில் இரண்டு விரலை வைத்துத் தலையை நிமிர்த்துவது, தாளை வெட்டுவது, சட்டம் போடுவது. "நேரா பாருங்க, ரெண்டு காதும் தெரியணும், சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி, தூக்கத்திலும் அதையே சொல்லுகிறவள். தலை கோணினால் படம் செல்லாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் தொழிலில் கோணலைப்போல ஒரு எதிரி கிடையாது. அந்த வீட்டில் போய் இப்படி ஒரு பிள்ளை.

குழந்தை உட்காரப் பழகின நாளிலிருந்தே தலையைச் சாய்த்துத்தான் பார்க்கும் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கிளையில் உட்கார்ந்து பார்க்கிற குருவிபோல இருக்கிறதே என்றுதான் அவளே சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தாள். இதை அவள் யாரிடம் சொன்னாலும் சுவரில் இருக்கிற படத்தைக் காட்டினார்கள். அதிலும் அவள் நாத்தனார், புருஷனுடைய அக்கா, பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருப்பவள், காட்டாத நாளே இல்லை. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே பேசுவாள்.

"நான் சொன்னா உனக்குக் கோவம் வரும். புள்ளையை எப்பப் பாத்தாலும் ஒரே இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, ஒரு கையால தாளை வெட்டிக்கிட்டு நின்னா கழுத்து கோணாம என்ன செய்யும்?"

"அதுக்கு முன்னாடியே சாய்ஞ்சுதான் அண்ணி இருந்துச்சு."

"படத்துல அப்படி இல்லையே."

"படத்துல இல்லைதான். ஆனா இருந்துச்சு."

"படம் பொய் சொல்லுமா? என் தம்பி எடுத்த படம்."

தம்பி கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். யாரோ ஒரு வழுக்கைத் தலைக்காரருக்கு நெற்றியில் மினுமினுப்பைக் குறைத்துக்கொண்டிருப்பான். அவள் அவன் முதுகைப் பார்ப்பாள். இந்த மனுஷன் திரும்பி, ஆமாக்கா, எனக்கும் அப்படித்தான் ஞாபகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று இருக்கும். சொல்லமாட்டான். போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, நம் இடுப்புதான் பிள்ளையைக் கெடுத்ததோ என்று தனியாக இருக்கும்போது அழுதாள். வலது இடுப்பை விட்டு இடது இடுப்பில் தூக்கிப் பார்த்தாள். கேட்டீர்களா கொடுமையை. கண்ணால் பார்த்ததைச் சட்டம் போட்ட படம் ஒன்று அடித்துப் பேசிவிட்டது.

அதோடு விட்டார்களா? எலும்பு வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் எண்ணெய் தடவிப் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். அது கதறிற்று. நிமிர்த்தின நேரத்தில் அதன் வலது கண் மட்டும் மேலே ஏறிற்று. "அடம், கண்ணை உருட்டி மிரட்டுது" என்றார் வைத்தியர். நாத்தனார் விறைப்புத் துணியை நாலு மடிப்பாகத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, அழகாக ஒரு கழுத்துப்பட்டை செய்துகொண்டு வந்தாள். உறுத்தக் கூடாது என்று ஓரமெல்லாம் மெத்தென்ற துணி வைத்திருந்தாள். பாசமாகத்தான் தைத்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. அதைக் கட்டிவிட்டால் சிட்டு படியில் ஒழுங்காக இறங்கமாட்டாள். இருக்கிற படியை விட்டு இல்லாத படியில் காலை வைப்பாள். இரண்டு தடவை விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். அதற்கும் அம்மாதான் கவனமாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை, "முதல்ல கழுத்தைச் சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க, மத்தப் புள்ளைங்க கேலி பண்ணும்" என்றாள். கேலி செய்கிற பிள்ளைகளைக் கண்டிப்பது யார் வேலை என்று கேட்க நினைத்தாள் அவள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழுத்து டாக்டர் தடவிப் பார்த்தார், இப்படியும் அப்படியும் திருப்பினார், "கழுத்து பஞ்சு மாதிரி நல்லாத்தான் இருக்கு. கண் டாக்டரைப் பாருங்க. குழந்தையோட பழைய படம் இருந்தா எடுத்துட்டுப் போங்க, கேப்பாங்க" என்றார். கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே அவள் ஆல்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். படத்துக்கா பஞ்சம், அவர்கள் பிழைப்பே அதுதானே. புருஷனும் கடையைச் சாத்திவிட்டுக் கூட வந்தான்.

கண் டாக்டர் குழந்தைகளுக்கென்றே இருக்கிற அம்மாள். மேசை மேல் ஒரு மஞ்சள் பொம்மை வாத்து. முதல் காரியமாகக் கழுத்துப்பட்டையை அவிழ்த்து மேசையில் போட்டார்.

"செல்லம், உனக்குப் பிடிச்ச மாதிரி உக்காந்துக்க. இந்த வாத்து எத்தனை?"

தலை இடது தோளுக்குப் போயிற்று. "ஒண்ணு."

டாக்டர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். வலது கண் மேலே ஏறிற்று. "இப்ப?"

"ரெண்டு."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கேட்டார். "இப்படி ரெண்டு தெரியுதுன்னு யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"அப்பாகிட்ட சொன்னேனே. படம் எடுக்கறப்ப, கேமராகிட்ட ரெண்டு அப்பா நிக்கறாங்கன்னு. அப்பா சிரிச்சாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். "ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசை பிடிச்சிட்டு இருக்கு. இவளுக்கு வலது கண்ணைக் கீழே இழுக்கற தசை ஒண்ணு சரியா வேலை செய்யலை. அதனால மேலே இழுக்கற தசை தன் இஷ்டத்துக்கு இழுக்குது. தலை நேரா இருந்தா ஒரு கண்ணு ஒரு மட்டத்துல, இன்னொண்ணு இன்னொரு மட்டத்துல. பாக்கறது ரெண்டாத் தெரியும். தலையைச் சாய்ச்சா ஒண்ணாயிடும். அதை இவளே கண்டுபிடிச்சிருக்கா. கெட்டிக்காரி. நீங்க பட்டை கட்டி அந்த வழியையும் அடைச்சிட்டீங்க."

"என் இடுப்பால வந்தது இல்லையா டாக்டர்?"

"இடுப்பா?"

"ஒரே பக்கமா தூக்கினதால கோணிடுச்சுன்னு..."

"யாரும்மா அப்படிச் சொன்னது? தூக்கறதால கண் தசை கெடாது." டாக்டர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணி அந்த மேலே இழுக்கற தசையைத் தளர்த்தி விடலாம். நல்லா சரியாகும். பிறவியிலயே இருந்ததுன்னா பயமே இல்லை, இந்த மாசமே பண்ணிடலாம். அதுக்குத்தான் பழைய படம் பாக்கறோம்."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறிற்று.

"ஆறு மாசத்துல நேரா இருக்கா. ஒரு வயசுல நேரா இருக்கா. போன வருஷம்கூட நேராத்தான். எப்ப இருந்து சாய்க்கறா?"

"உக்காரப் பழகினதுல இருந்து டாக்டர்."

"படத்துல அப்படி இல்லையேம்மா."

அதே வார்த்தை. டாக்டர் வாயிலிருந்தும் அதே வார்த்தை.

"இது புதுசா வந்ததுன்னா நான் சும்மா விட முடியாது" என்றார் டாக்டர். "தலைக்குள்ள ஏதாவது அழுத்தினாலும் இப்படி ஆகும். கட்டி கிட்டி இருக்கான்னு பாக்கணும். மயக்கம் குடுத்து ஸ்கேன் எடுக்கணும். அது முடியற வரைக்கும் ஆபரேஷன் பத்தி யோசிக்க முடியாது. ஸ்கேனுக்கு இங்க ரொம்ப நாள் காத்திருக்கணும், நான் சீக்கிரம் கேட்டுப் பாக்கறேன்."

கட்டி என்ற வார்த்தையோடு அவளுக்கு உலகமே அடங்கிப்போயிற்று. டாக்டர் எழுதுவதும் சீட்டைக் கிழிப்பதும் தெரிந்தது. பிள்ளை வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே நடையில் வரிசையாக பெஞ்சுகள். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளுக்குக் கிட்டே வந்தான், பின்வாங்கினான், மறுபடி வந்தான்.

"இந்தா பாரு. பயப்படாத. கட்டியெல்லாம் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் படமெல்லாம்... நான் நேராக்கினது."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எல்லாத்துலயும் சாய்ஞ்சுதான் இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல தலையை மட்டும் தனியாத் திருப்பி வெச்சேன். ஆறு மாசப் படத்துல இருந்தே. பாக்க நல்லா இருக்கணும்னுதான். போட்டோக்காரன் புள்ளையே கோணலா இருக்குன்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு..."

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம். அந்த முதுகு. அந்த முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அவள் பழியெல்லாம் வாங்கினாள்.

"உங்க அக்கா தினம் தினம் அந்தப் படத்தைக் காட்டி என்னைக் குத்தினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"சொல்லிடலாம்னுதான்..."

"நானே என் இடுப்பைச் சபிச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல படுத்திருந்தீங்க இல்ல?"

அவன் கையிலிருந்த சீட்டை மடித்தான்.

"அதை விடுங்க. நான் மருமக, என் தலையில என்ன வேணா அரைக்கலாம். இப்ப அந்தம்மா கட்டின்னு சொன்னாங்களே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா? புள்ளை தலைக்குள்ள கட்டி இருக்கோன்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க மானத்தைக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் பெஞ்சில் இருந்த தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்தான். அந்தக் கண்ணீரைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"வாங்க உள்ள. என்கிட்ட சொன்னது போதாது, அவங்ககிட்ட சொல்லுங்க."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நேரம் நான் பேசினதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மன்னிப்பு அவங்ககிட்ட கேளுங்க. ஆனா வெறும் வாய் வார்த்தையை வெச்சு நான் ஸ்கேனைத் தள்ள முடியாது. நீங்க நேத்து ஒண்ணு பண்ணியிருக்கீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. கை வைக்காத படம் வேணும். குழந்தையா இருந்தப்ப எடுத்தது."

"பழசெல்லாம் அழிச்சிட்டேன் மேடம். வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவேன், இடத்தை அடைக்கும்னு."

"போன்ல?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். போன் என்றாலே அவனுக்கு ஆகாது. தொழிலைக் கெடுத்ததே அதுதான் என்று சொல்லி, ஸ்டூடியோக்காரன் வீட்டுப் பிள்ளையை எவனும் போனில் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தான். நாலு வயது ஆகியும் அவள் போனில் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அவள் தனி இருக்கையில் சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்துப்பட்டை பைக்குள் இருந்தது. பிள்ளை தன் இஷ்டத்துக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தது. எங்கேயாவது ஒரு படம், யாராவது எடுத்த ஒரு படம் என்று அவள் மனசு அலைந்தது. பஸ் ஒரு கடைக்கு முன்னால் நின்றது. கடைக்காரன் பெயர்ப்பலகை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டிற்று.

லைட் பார்க்கிற படம்.

கடைக்கு ஆள் வந்து உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கும்போது, விளக்கு சரியாக விழுகிறதா என்று ஒரு படம் எடுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதற்கு யாராவது முக்காலியில் உட்கார வேண்டும். முன்பெல்லாம் அவள்தான் உட்காருவாள். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது தானாக உட்காரத் தொடங்கியதும் அதையே உட்கார வைத்தார்கள். யாரும் அச்சுப் போடாத படம், யாரும் திரும்பிப் பார்க்காத படம். ஆனால் வந்தவர்களின் படங்களோடு அதுவும் அவர்கள் பெயர் போட்ட ஃபோல்டரிலேயே கம்ப்யூட்டரில் கிடக்கும். திரும்ப வந்து இன்னொரு பிரதி கேட்பார்கள் என்பதால் வந்தவர்களின் படத்தை மட்டும் அவன் அழிப்பதே இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் ஈரத் துணியோடு கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவன் நாற்காலியில் அவள் உட்காருவது அதுவே முதல் தடவை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் படங்களைத் திறந்தாள். முதல் படம் மாப்பிள்ளை இல்லை. அவள் மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை, தலை இடது தோளில் சாய்ந்து, வாயில் விரல். அடுத்து ஒரு ஓட்டுநர். முதல் படத்தில் முக்காலியில் பிள்ளை, பின்னால் அது விழாமல் பிடித்திருக்கிற அவள் கை, தலை இடது பக்கம். ஒரு குடும்பம், ஒரு செவிலி, வேலைக்கு மனுப்போடுகிற ஒரு பையன். ஒவ்வொருவருக்கும் முன்னால் சிட்டு. பல் முளைக்காத சிட்டு, பல் முளைத்த சிட்டு, முடி வளர்ந்த சிட்டு. எல்லாவற்றிலும் தலை அதே பக்கம், அதே சாய்வு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் பொய் சொல்லவில்லை, நான் பொய் சொல்லவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக நாத்தனார் தலை எட்டிப் பார்த்தது. கையில் டீ.

"டாக்டர் என்ன சொன்னாங்க? பட்டையை ஏன் கழட்டினே?"

"இங்க வாங்க அண்ணி. வந்து பாருங்க."

நாத்தனார் வந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது என்ன, இதுல சாய்ஞ்சிருக்கு, அதுல..."

"அதை உங்க தம்பி சொல்லுவாரு" என்றாள் அவள். "சொல்லுங்க. இத்தனை வருஷமா இவங்க கேட்டாங்க இல்ல, படம் பொய் சொல்லுமான்னு. பதில் சொல்லுங்க."

அவன் சொன்னான். மென்று மென்று, பாதியை விழுங்கி, மீதியைச் சொன்னான். அக்கா டீயை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி. உன்னை நம்பி அவளை என்னென்ன பேசினேன் நான்."

அவள் குறுக்கிட்டாள். "அவரை நம்பினீங்க சரி அண்ணி. நான் சொன்னப்ப என்னையும் கொஞ்சம் நம்பியிருக்கலாமே."

நாத்தனார் எழுந்து போகும்போது ஆஸ்பத்திரிப் பையிலிருந்து கழுத்துப்பட்டையை எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்துக் கடையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, நாலு மடிப்பு விறைப்புத் துணி அவ்வளவு லேசில் வெட்டுப்படாது.

படங்களைப் பார்த்த டாக்டர் ஸ்கேன் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு ஒரு பெரிய டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் பிள்ளையை மறுபடி சோதித்து, பிறவிக் கோளாறுதான், சந்தேகமே இல்லை என்றார்கள். அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுக்கக் கூட்டிக்கொண்டு போகும்போது சிட்டு மஞ்சள் வாத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதவு மூடியதும் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைக் கொடுக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. கதவு திறக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கண் சிவந்து, வீங்கி, சொட்டு மருந்துக்குப் பயந்து ஒளிந்துகொண்ட நாட்கள் போயின. தலை ஒரே நாளில் நிமிர்ந்துவிடவில்லை. பழக்கதோஷத்தில் சாயும், பிறகு தானே எழும். நிமிர்த்தச் சொல்லி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சுவரில் இருந்த படத்தை அவள் உடைக்கவில்லை. கழற்றிப் பரண்மேல் போட்டாள். அந்த இடத்தில் லைட் பார்த்த படங்களில் நல்லதாக நாலைப் பொறுக்கி, அச்சுப் போட்டு, தன் கையாலேயே சட்டம் போட்டு மாட்டினாள். இதைப் பற்றி யார் கேட்டாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். முதலில் யாராவது கேட்டதும் அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்தான். அவள் வந்தவரை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து முடித்துவிட்டு வருவார் என்று காத்திருக்கச் செய்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டியிருந்தது. சிட்டுவை முக்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்குச் சிட்டுவின் படமேதான், வேறு யாருக்காகவும் லைட் பார்ப்பது இல்லை. முன்னறையில் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். வழக்கப்படி அவள் இரண்டு விரலைத் தாடைக்குக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிட்டு கேமராவைப் பார்த்தாள். தலை லேசாகச் சாய்ந்தது, எழுந்தது, நின்றது.

"அம்மா, இப்ப ஒரே அப்பாதான் நிக்கறாரு."

கேமராவுக்குப் பின்னால் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"ஒருத்தர் போதும்" என்றாள் அவள். "அந்த ஒருத்தர் வாயைத் திறந்து பேசினாப் போதும்."

முன்னறையிலிருந்து அந்த மனிதரின் குரல் வந்தது. "ஏன் சார், இந்தப் படத்துல எல்லாம் குழந்தை தலை கோணலா இருக்கே. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் நேராக்கி மாட்டக் கூடாதா?"

அவள் விளக்கின் சுவிட்சில் கையை வைத்தபடி புருஷனைப் பார்த்தாள். அவன் அறை வாசல் திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், அந்த மனிதருக்கு நேராக நின்றான்.

"நேராக்கித்தாங்க வெச்சிருந்தேன். அதனால எம்பொண்ணு ரெண்டு ரெண்டாப் பாத்துக்கிட்டே நாலு வருஷம் இருந்தா. பழியை எல்லாம் எம்பொண்டாட்டி சுமந்தா. பண்ணினது நான்."

அவன் திரும்பி வந்து கேமராவைப் பிடித்த பிறகு அவள் விளக்கைப் போட்டாள்.